கும்மி கொட்டுவோம், கால்களைக் காப்போம்

ஆயர் ஈத்தாம் பெரியவர்களே,

“இந்த வயதில் ஆட்டமா?” என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால், உங்களில் பலர் சிறுவயதில் கும்மி கொட்டியிருப்பீர்கள்; கோலாட்டம் அடித்திருப்பீர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் உறுமி கேட்டால் இன்றும் கால் தானாகத் தாளம் போடும். அந்தக் கால்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பலர் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். பயன்படுத்தாத தசை மெலிந்துபோகும். கால் தடுமாறும், விழும் அபாயம் இன்னும் கூடும். இடுப்பெலும்பு முறிந்தால், சந்தைக்குப் போவதற்கு மட்டுமல்ல, குளிப்பதற்கும் பிறர் துணை தேவைப்படலாம்.

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வாரத்தில் 3 நாட்களாவது உடலின் சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி தேவை என்றும் அது சொல்கிறது. கும்மியில் உடல் பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுகிறது. அடுத்த அடி எது என்று மூளையும் நினைவில் வைக்கிறது. அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 469 பேரைக் கவனித்து 2003இல் வெளியான ஆய்வில், அடிக்கடி நடனமாடியவர்களிடம் மறதிநோய் குறைவாகவே காணப்பட்டது. நடனம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், ஆடிப் பார்ப்பதில் நன்மை உண்டு.

எப்படித் தொடங்குவது? வழுக்காத, ஈரமில்லாத தரையில் உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். சிலிப்பர் வேண்டாம்; காலைப் பற்றி நிற்கும் காலணி அணியுங்கள். முதலில் 5 நிமிடம் போதும். நாற்காலியைப் பிடித்தபடி வலப்பக்கம் ஓர் அடி, இடப்பக்கம் ஓர் அடி வையுங்கள். கால் பழகிய பிறகு கைதட்டலைச் சேருங்கள். நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்தே ஆடலாம். ஆடும்போது பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

இருதய நோய், இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் முன்பு விழுந்தவர்களும் முதலில் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். தலைசுற்றினால் உடனே உட்காருங்கள். நெஞ்சு வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ ஆட்டத்தை நிறுத்தி 999-ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்களுக்குத் தெரிந்த கும்மி உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். இன்று மாலையே அவர்களைப் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுங்கள். அவர்களுக்கு அது பாடம். உங்களுக்கு அதுவே மருந்து.