கொச்சி வன டிராம்வேயும் தேக்கு மரத்தின் கணக்கும்



முதலைக் கரைக்காமல் அதன் பலனைக் கொண்டு ஜீவிப்பதே நல்ல குடித்தனம் என்பது தாங்கள் அறிந்ததே. காட்டுக்கும் இந்த நியாயமே பொருந்தும் என்பதைப் பரம்பிக்குளத்தின் சரித்திரம் நன்கு விளக்குகின்றது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலைத் தொடரை அடுத்துள்ள பரம்பிக்குளம் முன்னர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. இப்போது கேரள ராஜ்யத்தில் உள்ளது. அங்கே தேக்கும் ஈட்டியும் ஏராளம். ஆனால் அவற்றைக் கீழ்நாட்டுக்குக் கொண்டுவருவது எளிதாயில்லை. ஆற்றில் மிதக்கவிடலாம் என்றாலோ, சாலக்குடி ஆறு அதிரப்பள்ளியில் சுமார் 80 அடி உயரத்திலிருந்து பாறைமீது வீழ்கின்றது. பெருமரங்கள் அங்கே மோதிச் சிதைந்துபோகும்.

1902-ம் வருஷத்தில் ஷோரனூரிலிருந்து சாலக்குடி வழியாக எர்ணாகுளத்திற்கு ரெயில் வந்தது. அந்த ரெயிலோடு காட்டை இணைக்கும் பொருட்டு, சமஸ்தானத்தார் சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரை ஏறக்குறைய 50 மைல் நீளமுள்ள வன டிராம்வே ஒன்றை அமைத்தனர். 1907-ல் அது நடைபெறலாயிற்று.

அதன் அமைப்பில் ஒரு யுக்தி உண்டு. சமமான இடங்களில் நீராவி எஞ்சின்கள் வண்டிகளை இழுத்தன. செங்குத்தான சரிவுகளிலோ எஞ்சினுக்கு வேலையில்லை. மேலிருந்து மரம் ஏற்றிய வண்டியும், கீழிருந்து வெறும் வண்டியும் எஃகுக் கயிற்றால் பிணைக்கப்பட்டன. பாரவண்டி தன் எடையால் இறங்க, வெறும் வண்டி மேலே ஏறிற்று. பிரேக்கினால் வேகத்தை அடக்கினர். கிணற்று ராட்டினத்தில் ஒரு குடம் இறங்க மற்றொன்று ஏறுவதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும்.

இவ்வளவு யுக்தியிருந்தும் அப்பாதை நீடிக்கவில்லை. பாதையை அடுத்த முதிர்ந்த மரங்கள் குறைந்தன; பாரமும் குறைந்தது. பாலங்களையும் கயிறுகளையும் பராமரிக்கும் செலவு மட்டும் குறையவில்லை. மலைக்குச் சாலைகளும் லாரிகளும் வந்தன. 1963-ல் டிராம்வே மூடப்பட்டது.

இங்கே கணக்கைச் சற்றே கவனிக்க வேண்டும். டிராம்வே நடந்தது 56 வருஷம். தேக்கு நன்கு முதிர 60 முதல் 80 வருஷம் ஆகும். முதல் வண்டி இறங்கிய அன்று நட்ட கன்று, கடைசி வண்டி இறங்கிய அன்றும் வெட்டும் பருவத்தை எட்டியிருக்கவில்லை! மரம் வளரும் வேகம் வேறு. வண்டி இழுக்கும் வேகம் வேறு. இரண்டுக்கும் பொருத்தம் இல்லாத இடத்தில், வரவென்று எழுதப்படுவது உண்மையில் முதலின் செலவேயாகும்.

இதைக் கிராமத்தார் தம் சிறு தோப்பிலும் அனுஷ்டிக்கலாம். சவுக்கு சுமார் 5 வருஷத்தில் பலன் தரும். 5 ஏக்கர் உடையவர் அதனை 5 பாகமாக்கி, வருஷத்துக்கு ஒரு ஏக்கரில் கன்று நடலாம். பின்பு ஆண்டுதோறும் ஒரு பாகத்தை மட்டும் வெட்டி, வெட்டிய இடத்தில் உடனே மறுநடவு செய்தால், வருஷந்தோறும் வரவு உண்டு; தோப்பும் அழியாது. ஏரிக்கரையிலும் வரப்பிலும் நிற்கும் வேம்பு, புளி, கருவேல் ஆகியவற்றுக்கும் அதனதன் வயதறிந்தே கோடாலியை எடுக்க வேண்டும்.

லாபத்தில் கால்பங்கைச் சேமநிதியில் சேர்க்க வேண்டும் என்று 1912-ம் வருஷத்து ஐக்கிய சங்கச் சட்டம் விதித்தது. வெட்டிய குழியில் வைக்கும் கன்றே காட்டின் சேமநிதி. அதனைச் செலுத்தத் தவறியவர் பிள்ளைகளின் பங்கை இன்றே எடுத்துச் செலவழித்தவராவர்.