ஆகாரமும் சரீர நிறையும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



சும்மா கட்டிக் கிடக்கும் மாட்டிற்கு ஒருவிதத் தீவனமும், ஏர் இழுக்கும் மாட்டிற்கு வேறுவிதத் தீவனமும் வைக்கவேண்டுமென்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். உழவு தொடங்கியதும் புண்ணாக்கும் பருத்திவிதையும் தொட்டியில் சேர்கின்றன. ஆனால் ஏரின் பின்னே நடப்பவருக்கும், நாற்று நடும் மாதருக்கும் இக்கணக்கு பெரும்பாலும் பார்க்கப்படுவதில்லை.

ஆகாரம் தரும் சக்தியைக் கலோரி என்னும் அளவால் கணக்கிடுவர். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி உண்டு. பருப்பு வகைகளிலும் ஏறக்குறைய அவ்வளவே. நிலக்கடலையில் 550-க்கு மேலும், எண்ணெயில் 900-மும் உண்டு. உண்பதும் செலவாவதும் சமமாயின் நிறை மாறாது. உண்பது குறைந்தால், வரவு போதாத குடும்பம் சேமிப்பை எடுத்துச் செலவிடுவதுபோல், சரீரம் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துக்கொள்ளும்.

1918-இல் குன்னூரில் மக்காரிசன் என்பவர் தொடங்கிய போஷணை ஆராய்ச்சி, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நடைபெற்று வருகிறது. அங்கே 2020-இல் வகுத்த அளவுகளிலிருந்து ஓர் எளிய வாய்பாடு கிடைக்கிறது. தம் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும், உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 32 கலோரி, வயல்வேலை செய்பவருக்கு 42, கல் உடைத்தல், மரம் வெட்டுதல் போன்ற கடும் வேலைக்கு 53 வேண்டும். பெண்களுக்கு முறையே 30, 39, 49.

45 கிலோ நிறையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வேலையற்ற நாளில் அவருக்கு 1,350 கலோரி போதும். நடவு நாளில் 1,755 வேண்டும். வித்தியாசம் 405 கலோரி, அதாவது சுமார் 115 கிராம் அரிசி. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கத்தால் இது அவருக்குக் கிடைக்காமற் போனால், ஒரு மாதத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிறை குறையக்கூடும். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினம் இன்னும் 600 கலோரியும், கர்ப்பிணிக்கு 350-மும் கூடுதலாக வேண்டும். இவை அரிசியால் மட்டும் நிரம்பத்தக்கவையல்ல. பருப்பு, கடலை, கீரை, பால் ஆகியவையும் சேரவேண்டும்.

வாய்பாடு தருவது மதிப்பே. வயது, உயரம், உடல்வாகு ஆகியவற்றால் ஒருவருக்கொருவர் வேறுபாடு உண்டு. ஆகையால் முடிவாகத் தீர்ப்புச் சொல்வது தராசு. சங்கக் கிடங்கில் ஆள் நிற்கத்தக்க தராசு இருந்தால், மாதம் ஒருமுறை காலையில், உண்பதற்கு முன், அங்கத்தினரும் அவர் குடும்பத்தாரும் நிறை பார்த்துக் குறித்துவைக்கலாம். இரண்டு மாதம் தொடர்ந்து குறைந்தால் ஆகாரத்தைக் கூட்டவேண்டும். வயிறார உண்டும் குறைந்தால் வைத்தியரிடம் காட்டவேண்டும். தொடர்ந்து ஏறி, வயிறு பருப்பவர் அளவைச் சற்றுக் குறைக்கலாம். ஏற்கெனவே மெலிந்திருப்போருக்கும் வளரும் சிறுவருக்கும் நிறை மாறாதிருத்தல் போதாது, அது ஏறவேண்டும்.

நடவுக்கும் அறுப்புக்கும் முன்னதாகவே விதைக்கும் எருவுக்கும் சங்கங்கள் ஏற்பாடு செய்கின்றன. அப்போதே பருப்பும் கடலையும் போதிய அளவு வாங்கிக் கிடங்கில் வைத்து, நியாய விலைக்கு அங்கத்தினருக்கு வழங்கவும், ஒவ்வொரு வீட்டிலும் வேலை செய்யும் மாதருக்கு அவர் பங்கை முதலிலேயே எடுத்துவைக்கவும் அங்கத்தினர்கள் முன்வரவேண்டும்.