முகமில்லாத சாளரம்



இங்கிலாந்தின் வடபுலத்தில் உள்ள யார்க் நகரப் பேராலயத்தின் வடக்குச் சிறகில், தோளோடு தோள் சேர்ந்தாற்போல் நிற்கும் ஐந்து ஒடுங்கிய சாளரங்கள் ஒவ்வொன்றும் 16 மீட்டருக்கு மேல் உயர்ந்தவை. ‘ஐந்து சகோதரிகள்’ என்று மக்கள் பெயரிட்டழைக்கும் இச்சாளரமே, முதல் உலகப் போரில் மாண்ட பிரித்தானியப் பேரரசின் பெண்களுக்கு 1925 ஜூன் 24 அன்று அர்ப்பணிக்கப்பட்டது.

13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த இக்கண்ணாடி ‘கிரிசாய்’ வகையைச் சார்ந்தது. சாம்பல் நிறத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த இப்பெயர், வெளிறிய கண்ணாடியில் இலைக்கொடிகளைக் கருங்கோடுகளாகத் தீட்டிச் சூளையில் சுட்டெடுக்கும் முறையைச் சுட்டுவது. நடுச் சாளரத்தின் அடியில் பொருத்தப்பட்ட பழந்துண்டு ஒன்றைத் தவிர வேறெங்கும் மனித உருவம் இல்லை. 1,00,000க்கும் மேற்பட்ட சிறு துண்டுகளை, இருபுறமும் பள்ளமுள்ள மெல்லிய ஈயப்பட்டைகள் கவ்விப் பிடித்திருக்க, கிட்டே நின்று காண்பவருக்குத் துண்டும் விரிசலும் தெரிகின்றன, எட்ட நின்று காண்பவருக்கோ வெள்ளி படர்ந்த ஒளி மட்டுமே தெரிகிறது. பெண்களின் நினைவுச்சின்னத்தில் ஒரு பெண்முகம்கூட இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. தேவதை போன்ற செவிலி ஒருத்தியை வரைந்திருந்தால், அந்த ஒருத்தியின் சாயலில் மற்றவர் அனைவரும் மறைந்துபோயிருப்பர்.

செப்பெலின் எனப்படும் ஜெர்மானிய வான்கப்பல்கள் 1916இல் யார்க் நகரின்மீது குண்டு வீசியதையடுத்து, இக்கண்ணாடி பாதுகாப்புக்காகக் கழற்றப்பட்டது. போர் ஓய்ந்த பின்னும் அதனைச் செப்பனிட்டு மாட்டப் பணமின்றி இருந்த நிலையில், சிறுவயதில் இறந்த தம் சகோதரியர் இருவர் இச்சாளரத்தைச் சுட்டிக்காட்டியதாக 1922இல் கனவு கண்ட ஹெலன் லிட்டில் என்பவரும், அவருக்குத் துணைநின்ற அல்மைரா கிரேயும் பெண்களிடமே கையேந்தினர். ஏறத்தாழ 32,000 பெண்கள் கொடுத்த நன்கொடையால் சில வாரங்களிலேயே 3,000 பவுண்டு திரண்டது. பழைய ஈயம் தேய்ந்திருந்ததால், 16ஆம் நூற்றாண்டில் மன்னர் ஆணையால் கலைக்கப்பட்ட ரீவோ மடாலயத்தின் இடிபாடுகளுக்கிடையே புதைந்து கிடந்த ஈயத்தை உருக்கியே புதிய பட்டைகள் வார்க்கப்பட்டன. பாழான ஓரிடத்தின் ஈயம் உடையும் தன்மையுள்ள கண்ணாடியைத் தாங்கி நிற்கும் இப்பொருத்தம் எண்ண எண்ண நெஞ்சை நெகிழ்விப்பது.

எனினும், இச்சின்னத்தின் உயிர்நிலை கண்ணாடியைவிட அதனருகே உள்ள ஓக் மரத் தடுப்புகளிலேயே இருக்கிறது. மருத்துவர், செவிலியர், படைகளின் மகளிர் பிரிவினர், வெடிமருந்து ஆலைத் தொழிலாளர் என 1,400க்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்கள் அவற்றில் எழுதப்பட்டுள்ளன.

பெயர் எழுதுவது அத்துணை பெரிய செயலா என்று கேட்போர் பார்ன்போ வெடிமருந்து ஆலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். லீட்ஸ் நகரையடுத்த அவ்வாலையின் 42ஆம் அறையில், 1916 டிசம்பர் 5 இரவு, பீரங்கிக் குண்டுகளுக்கு முனைமூடி திருகிக்கொண்டிருந்த வேளையில் வெடி நேர்ந்து 35 பெண்கள் மடிந்தனர். அவர்களுட் சிலரைக் கழுத்தில் தொங்கிய அடையாள வில்லையைக் கொண்டே இன்னாரென்று அறிய முடிந்தது. போர்க்காலத் தணிக்கை அச்செய்தியை அடக்கியதால், நாளிதழின் மரண அறிவிப்புகளில் ‘விபத்தில் இறந்தார்’ என்ற அளவே வெளிவந்தது. ஊரே அறிந்த சாவை ஊர் உரக்கச் சொல்ல இயலவில்லை. அத்தகைய ஆலைகளில் மாண்டவரின் பெயர்களும், போர்முனையில் மாண்ட செவிலியரின் பெயர்களோடு ஒரே மரத்தில், ஒரே அளவு எழுத்தில், எவரும் நின்று வாய்விட்டுப் படிக்கும்படி இருக்கின்றன.