முதலுதவியை யாவரும் பயில வேண்டுவது ஏன்?
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நாம் மருத்துவர் அல்லர். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர். படிப்பும் மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்டது. இருந்தும் இப்பொருள் பற்றிப் பேச இசைந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. அது பெருமைக்குரிய காரணம் அன்று.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளை. நம் தெருமுனைக் கடை வாயிலில் காலனிப் பெரியவர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே சரிந்து வீழ்ந்தார். கூட்டம் கூடிற்று. ஒருவர் சோடா கொணர்ந்தார். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். மற்றொருவர் செய்தித்தாளால் விசிறினார். தொண்டையினின்று குறட்டை போன்ற ஒலி விட்டுவிட்டு வந்தது. "மூச்சு இருக்கிறது, பயமில்லை" என்றனர் பலர். 108 வண்டிக்குச் சொல்லியாயிற்று. மாலையில் சம்பிகே சாலையின் நெரிசலைத் தாங்கள் அறிவீர்கள். வண்டி வந்து சேரப் பதினான்கு நிமிடங்கள் ஆயின. நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தமையால் கணக்குத் தவறவில்லை.

அப்போது நம் வீட்டு அலமாரியில் முதலுதவிச் சான்றிதழ் ஒன்று இருந்தது. அலுவலகத்தில் வகுப்பு நடத்தி, பொம்மையின் மார்பை அழுத்தச் செய்து, கையொப்பமிட்டுக் கொடுத்தது. அந்தக் குறட்டை ஒலி உண்மையான மூச்சு அன்று, இதயம் நின்றபின் எழும் வெறும் திணறல் என்றும் அவ்வகுப்பில் சொன்னார்கள். ஆயினும் நமது கை எழவில்லை. விலா எலும்பு முறிந்தால் பழி வருமோ, பெரியவரின் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாளே, போலீசார் கேட்டால் என் செய்வது என்று எண்ணியெண்ணியே நின்றோம். பெரியவர் மீளவில்லை. நாம் அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று எவரும் உறுதி கூற இயலாது. நாம் அழுத்தவில்லை என்பது மட்டும் உறுதி.

நிற்க. மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோதல் வேறு. மாரடைப்பில் இதயத்திற்கு இரத்தம் செல்லும் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார், வலி என்பார். இதயம் நின்றாலோ அடுத்த கணமே நினைவு தப்பும். நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை கெடத் தொடங்கும். மார்பை அழுத்தாது கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைகிறது என்பர் மருத்துவர். அவ்வாறெனின் பதினான்கு நிமிடங்களில் எஞ்சுவது என்ன?

இம்முறையை உலகிற்கு அளித்தவருள் முதல்வர் ஒரு மின்பொறியாளர் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், கூவன்ஹோவன் என்பார், நிக்கர்பாக்கர், ஜூட் ஆகியோரோடு கூடி, மார்பைப் பிளவாமல் வெளியிலிருந்து அழுத்தியே இரத்தத்தை ஓட்டலாம் என்று 1960-இல் வெளியிட்டார். அதற்கு முன் மருத்துவர் மார்பைத் திறந்து இதயத்தைக் கையால் பிசைய வேண்டியிருந்தது. தெருமுனையில் அதைச் செய்ய யாரால் ஆகும்?

முறை எளிது. தோளைத் தட்டி அழையுங்கள். விடையும் இயல்பான மூச்சும் இல்லையேல் ஒருவரை 108-க்குப் பேசச் சொல்லுங்கள். கெட்டியான தரையில் மல்லாத்தி, மார்பின் நடுவெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்புறத்தை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். பெரியவர்க்கு ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. விநாடிக்கு இரண்டு என்று வாய்விட்டு எண்ணினால் ஏறக்குறையச் சரியாகும். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுதும் எழும்ப விடுக. பயிற்சி இல்லாதவர் வாயில் ஊத வேண்டுவதில்லை, அழுத்தினால் போதும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். ஆகையால் ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும். நாம் ஒருவர் கற்றால் போதாது, காலனியே கற்க வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுமோ?

சென்னையில் பிறந்து கன்னட நாட்டின் கண்மணியாய் விளங்கிய நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று, தமது 46-ஆம் வயதில், இந்நகரிலேயே இதயம் நின்று மறைந்தார். அன்று நம் மல்லேஸ்வரத்தில் கன்னடர் தமிழர் என்ற வேறுபாடின்றி வீடுதோறும் அழுகை. அவர் பெயரால் கர்நாடக அரசு 2023-இல் ஒரு திட்டம் தொடங்கி, மாரடைப்பிற்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தாலுகா மருத்துவமனைகளிலும் கிடைக்கச் செய்தது. நன்று. ஆயினும் ஊசி மருத்துவமனையில் இருக்கிறது. விழுந்தவர் தெருவில் கிடக்கிறார்.

போலீசு அச்சம் பற்றி ஒரு சொல். சாலை விபத்தில் சிக்கியோர்க்கு நல்லெண்ணத்தோடு உதவுவோரைத் தொல்லைப்படுத்தலாகாது என்னும் நெறிமுறைகளை 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்திலும் அது இடம் பெற்றது. விலா எலும்போ, சில வேளை முறியத்தான் செய்யும். முறிந்த எலும்பு கூடும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். கை சுட்டுக்கொண்டால் மாவும் மையும் பற்பசையும் பூசாமல், இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகிலுள்ள மேசை நாற்காலிகளை அகற்றுங்கள். வாயில் எதையும் இடாதீர்கள்.

படித்ததைக் கை மறக்கிறது. நமது சான்றிதழ் கற்பித்தது இதுவே. ஆதலின் செயலாளரிடம் மன்றாடி, பயிற்சிப் பொம்மைகள் இரண்டும், கற்பிக்கும் தாதியர் ஒருவரும் வரச் செய்திருக்கிறோம். சிற்றுண்டி முடிந்ததும் பின்கூடத்தில் பாய் விரித்திருக்கும். பெண்களுக்குத் தனிப் பாய் உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளும் வரலாம். முதலில் மண்டியிடப்போவது நாமே.