ஆறில்லா நாட்டின் கதை

(தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணம் வந்திருந்த சட்டத்துறையினருக்கும் ஆசிரியர்களுக்கும் அளிக்கப்பட்ட வரவேற்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று காலை தோட்டங்களைப் பார்த்துவரச் சென்றவிடத்து, விருந்தினருள் ஒருவர், "உங்கள் ஆறு எங்கே?" என்று எம்மை வினவினார். காவிரியையும் வைகையையும் கண்டு வளர்ந்தவர் அவ்வாறு வினவியது இயல்பே. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்று எமக்குண்டு. அதனை ஆறென்று சொன்னால் காவிரி நகைக்கும். அங்ஙனமாயின் இங்கே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் எவ்வாறு விளைகின்றன? இவ்வினாவுக்கு முழு விடை கூறுவோமாயின், எமது நாட்டை உங்களுக்கு அறிமுகஞ் செய்தவராவோம்.

குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மாரிமழை கல்லின் வெடிப்புகளூடாகக் கீழிறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கிறது. அளவறிந்து இறைத்தால் அது ஆண்டு முழுவதும் உதவும்; பேராசை கொண்டு இறைத்தால் உவர் மேலெழும். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பது இவ்வுண்மைக்குச் சான்று. எம் முன்னோர் கல்லுடைத்துக் கிணறு தோண்டினர். ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டையால் இறைக்க, மற்றொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறினார். இன்று இயந்திரம் இறைக்கிறது. ஆயினும் நிலத்தின் கீழுள்ள கணக்கு மாறவில்லை.

இந்தக் கிணறே எமது சட்டத்தையும் வகுத்தது. எம்மவர் காணியைப் பரப்புக் கணக்கில் அளப்பர். தோட்டக் காணியாயின் 16 பரப்பும், வயலாயின் 24 பரப்பும் ஓர் ஏக்கராகும். மூன்று பரப்புக் காணிக்குத் தனிக்கிணறு தோண்ட எல்லாராலும் இயலுமா? ஆதலாற்றான் எமது உறுதிகளில் காணியின் எல்லைகளோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படுகின்றன. இத்தகைய வாழ்க்கையின் வழக்கங்களைத் திரட்டி, 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுதிக் கொடுத்ததே தேசவழமைத் தொகுப்பு. ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டில் அதற்குச் சட்ட வலு அளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை அது வகுக்கும். ஒருவர் காணி விற்கப் புகுந்தால், பங்காளிக்கும் உரிமைக்காரருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும். 1947 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் இம்முற்கொள்வனவு உரிமையை ஒழுங்குபடுத்தியது.

பெருமையை மட்டும் காட்டி வழியனுப்புதல் விருந்தோம்பல் ஆகாது. இதே கிணறுகளில் தண்ணீர் அள்ளும் உரிமை எம் சகோதரர் பலருக்குச் சாதியின் பெயரால் மறுக்கப்பட்டது. 1957 ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைய அவர்கள் போராட வேண்டியிருந்தது. மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டுமென 1911 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அவர்களும் கிணற்றையும் உறுதியையும் இழந்தவர்களே. எமக்கு நீதி கேட்கும் வாய் இவற்றை மறைத்தல் தகாது.

இனி, நிலத்தைப் பற்றி ஏன் இத்துணை பிடிவாதமாகப் பேசுகிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். 1957 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட பண்டாரநாயக்கா–செல்வநாயகம் உடன்படிக்கை, காணி, குடியேற்றம் ஆகியவற்றின் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு அளிக்க இசைந்தது. அடுத்த ஆண்டே அது கிழித்தெறியப்பட்டது. 1987 ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் திருத்தம் காணியை மாகாணப் பட்டியலில் சேர்த்தது. 2013 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றமோ, அரச காணியின் மீதான அதிகாரம் மத்தியிடமே உள்ளதெனத் தீர்த்தது. ஆக, எம் காலடி நிலம் 56 ஆண்டுகளாகத் தாளில் வருவதும் போவதுமாயிற்று.

தாளுக்கு வெளியே நடந்ததென்ன? 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெயர்ந்தனர்; அவர்தம் காணிகள் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின; சிற்சில துண்டுகளாகவே பின்னர் விடுவிக்கப்பட்டன. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணப் பட்டினமே ஓரிரவில் நடந்து வெளியேறிற்று. பெட்டிகளில் இருந்த உறுதிகள் எரிந்தன, நனைந்தன, தொலைந்தன. வாரிசுகளோ கனடாவிலும் ஐரோப்பாவிலும் சிதறினர். இந்நிலையிலே, 2025 மார்ச் மாதத்தில் வடமாகாணத்தின் ஏறத்தாழ 5,940 ஏக்கர் குறித்து வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. மூன்று மாதத்துள் உரிமை நிறுவாவிடின் அவை அரச காணியாகும் என்பதே அதன் பொருள். அவ்வாண்டு ஜூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தமையால் ஆபத்து நின்றது. ஆனால் அது கற்பித்த பாடம் நிற்கவில்லை. ஆளில்லாக் காணி என்று ஏட்டில் எழுதப்படுவது, ஆளை விரட்டிய காணியாகவும் இருக்கலாம் அல்லவா?

எனவே, இங்கு கூடியிருக்கும் எம்மவர்க்கு ஒரு வார்த்தை. உறுதி இல்லாதோர் காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடிப் பிரதி பெறுங்கள். பாட்டன் பெயரில் உள்ள காணியைப் பேரன் காலம்வரை பிரியாது விடாதீர்கள். வெளிநாட்டில் உள்ள உடன்பிறந்தாரிடம் தத்துவப் பத்திரம் பெற்று வைத்திருங்கள். தரிசாய்க் கிடக்கும் காணியைப் பயிரிடுங்கள். பத்து ஆண்டு எதிரிடை ஆட்சி உரிமையாக மாறக்கூடும் என்பதை மறவாதீர்கள். சட்டம் பயின்றோர் ஊர்தோறும் சென்று கூலி கருதாது இப்பணியைச் செய்தல் வேண்டும். உறுதி எழுதத் தெரிந்த கை, உறுதியற்றவன் கண்ணீரையும் துடைக்கக் கடமைப்பட்டது.

விருந்தினர்களே, ஊர் திரும்பியதும் எம்மைப் பற்றிக் கேட்போரிடம் போரின் கதையை மட்டும் சொல்லாதீர்கள். ஆறில்லாத நாட்டிலே, கல்லைப் பிளந்து, பங்கிட்டு நீர் இறைத்து வாழும் மக்களைக் கண்டோம் என்று சொல்லுங்கள். அக்கிணற்றடியில் தம் பெயர் நிலைக்க வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை என்றும் சொல்லுங்கள். அதற்கு மேல் நாம் கேட்பது ஒன்றுமில்லை. அதிற் குறைவாக ஏற்பதும் இல்லை.