பொருளை அனுப்புதலும் பொறுப்பை அறிதலும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வியைப் பற்றியே பேசிவரும் இம்மேடையில் வாணிபத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து. கற்ற எழுத்தும் கணக்கும் சந்தையில் நம்மைக் காக்கவில்லையெனில் அக்கல்வி முழுமை பெற்றதாகாது. இன்று நம் இளைஞர் சிலர் தோற்பை, பணப்பை, இடுப்புவார் முதலியவற்றைத் தம் கையாலேயே செய்து, எட்சி, ஈபே போன்ற இணையச் சந்தைகளின் வாயிலாக அயல்நாட்டார்க்கு விற்க முற்பட்டுள்ளனர். அவர்களுக்குச் சில சொல்ல விழைகின்றோம்.

தோல் தொழிலைக் காட்டி நம்மைத் தாழ்த்திய உலகம், அத்தொழிலின் விளைபொருளை வாங்க ஒருநாளும் தயங்கியதில்லை. மராட்டியத்திலும் கருநாடகத்திலும் சர்மகார் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்துவரும் கோலாப்பூர்ச் செருப்பு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. 2025 ஜூன் திங்களில் மிலான் நகரில் பிராடா நிறுவனம் அதே வடிவச் செருப்பைக் காட்சிக்கு வைத்தபோது கோலாப்பூரின் பெயரைச் சொல்லவில்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே இந்தியக் கைவினையின் தூண்டுதலை ஒப்புக்கொண்டது. கைத்திறன் மட்டும் போதாது. பெயரும் ஆவணமும் செய்தவன் கையில் இருத்தல் வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

இனி நம் பொருளுக்கு வருவோம். அயல்நாட்டில் வாழும் ஒருவர் நம்மிடம் ஒரு பையை வாங்குகின்றார். ஆனால் அவர் தரும் முகவரி அவருடைய வீட்டு முகவரியன்று; சென்னையிலோ தில்லியிலோ உள்ள ஒரு கிடங்கின் முகவரி. அக்கிடங்கு பார்வர்டிங் ஏஜெண்டுக்கு உரியது. பல கடைகளிலிருந்து வரும் பொருள்களை அவர் பெற்று, ஒரே பெட்டியில் கட்டி, வாங்கியவரின் நாட்டுக்கு அனுப்புவார். அஞ்சற்செலவு குறையும் என்பதற்காகவும், தம் நாட்டுக்கு நேரே அனுப்பும் கடைகள் இல்லை என்பதற்காகவும் பலர் இம்முறையை நாடுகின்றனர். அமெரிக்காவின் டெலவேர், ஆரிகன் மாநிலங்களில் விற்பனை வரி இல்லையாதலின் அங்கும் இத்தகைய கிடங்குகள் உண்டு. முகவரியில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு காணப்படுமாயின் அது பெரும்பாலும் இவ்வகைக் கிடங்கே. இது நேர்மையான தொழில்தான். இதைக் கண்டு அஞ்சி ஓடவேண்டியதில்லை.

ஆயினும் இடையில் ஒரு கை கூடும்போது பொறுப்பு எங்கே முடிகிறது என்ற கேள்வி எழுகின்றது. கிடங்கில் பெட்டியைப் பிரித்து மறுபடியும் கட்டுவர். அதன்பின் பொருள் நசுங்கினாலோ தொலைந்தாலோ பழி நம்மீது வந்து சேரக்கூடும். பற்று அட்டையில் பணம் செலுத்தியவர் தம் வங்கியிடம் முறையிட்டால், நம் கணக்கிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்படும். அவ்வாறு முறையிட மாதக்கணக்கில் அவகாசமும் உண்டு.

கணக்காகவே பார்ப்போம். ஒரு பையின் விலை ரூ.3,000 என்க. தோல், கூலி, அனுப்பும் செலவு எல்லாம் ரூ.2,400, இலாபம் ரூ.600. அப்பையும் போய்ப் பணமும் போனால், இழந்த ரூ.2,400-ஐ மீட்க மேலும் நான்கு பைகளை விற்றாகவேண்டும். சிறு முதலில் தொழில் செய்வோர்க்கு இது சிறிய அடியன்று.

ஆதலால் சில நெறிகளைக் கைக்கொள்ளுங்கள். ஆர்டரில் கண்ட முகவரிக்கே பொருளை அனுப்புங்கள். பணம் செலுத்திய பிறகு, "வேறு முகவரிக்கு அனுப்புங்கள்" என்று எவரேனும் எழுதினால், அந்த ஆர்டரை நீக்கிப் புதிதாகப் பதியச் சொல்லுங்கள். பேபால் நிறுவனம் விற்பவர்க்குத் தரும் பாதுகாப்பு, பதிவில் உள்ள முகவரிக்கு அனுப்பினால்தான் பொருந்தும். பொருள் முதல் முகவரியில் சேர்ந்தபின் வேறிடத்துக்கு மறுபடி அனுப்பப்பட்டால், ஈபே வாங்குவோர்க்குத் தரும் பாதுகாப்பு பொருந்தாது. எனவே கிடங்கில் பட்டுவாடா ஆனதற்கான கையொப்பச் சான்றே நமக்குக் கேடயம். கட்டுமுன் பொருளையும், கட்டியபின் பெட்டியையும், எடையையும் படம் எடுத்து வையுங்கள். இரண்டு பயணங்களைத் தாங்குமாறு கட்டுங்கள். கிடங்கில் ஒப்படைத்ததோடு நம் பொறுப்பு முடிகிறது என்பதை விற்பனைக் குறிப்பிலேயே தெளிவாக எழுதுங்கள்.

ஏமாற்று ஒன்றையும் அறிந்திருங்கள். வாங்குபவர் விலையைவிட மிகுதியாகப் பணம் அனுப்பியதாகக் காட்டி, "மிகுதியை என் சரக்கு ஏஜெண்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்பார். நாம் அனுப்பிய பின், அவர் செலுத்திய பணம் பொய்யானது என்று தெரியவரும். மிகைப்பணத்தைப் பிறர்க்கு அனுப்புமாறு கேட்பவர் எவராயினும் அவரோடு வாணிபம் வேண்டா.

சுங்கப் படிவத்தில் விலையைக் குறைத்தெழுதவோ "அன்பளிப்பு" என்று பொய்யாகக் குறிக்கவோ கேட்டால் இணங்காதீர்கள், கையொப்பம் நம்முடையது. 800 டாலருக்கு உட்பட்ட பொட்டலங்களுக்கு அமெரிக்கா அளித்துவந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்டு 29 முதல் நிறுத்தப்பட்டது. எனவே அந்நாட்டுக் கிடங்கிற்கு அனுப்புங்கால் தீர்வையைச் செலுத்துபவர் யார் என்பதை முன்னரே எழுத்தில் பெறுங்கள்.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. உள்நாட்டுக் கிடங்கில் பொருளைக் கொடுத்தால், நம்மைப் பொறுத்தவரை அது உள்நாட்டு விற்பனையே. ஏற்றுமதி ஆவணம் நம் பெயரில் இராது. ஏற்றுமதியாளர்க்குரிய சலுகையும் நமக்குக் கிட்டாது. நாமே ஏற்றுமதியாளர் ஆவது எட்டாக்கனியன்று. ரூ.500 கட்டணத்தில் ஐ.இ.சி. எண் பெறலாம். ஜி.எஸ்.டி. பதிவுடையோர் ஆண்டுதோறும் உறுதிக்கடிதம் தாக்கல் செய்து, வரி கட்டாமலே வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2022-இல் அஞ்சல் துறை தொடங்கிய டாக் கர் நிர்யாத் கேந்திரங்களில் ஏற்றுமதிப் படிவத்தை இணையவழியே பதிந்து, பொட்டலத்தை அஞ்சலகத்திலேயே கொடுக்கலாம். ஏஜெண்டு வழியே வரும் ஆர்டரை ஏற்றுக்கொள்ளுங்கள். அதே வேளையில் நேர்வழிக்கும் ஆயத்தமாகுங்கள்.

நம் பாட்டன்மார் படிக்கத் தெரியாத தாள்களில் கைநாட்டு வைத்து நிலமும் கூலியும் இழந்தனர். இன்று தாள் திரையாக மாறியிருக்கின்றது; படிக்காமல் ஒப்புதல் தருவோர்க்கு நேரும் கேடு மாறவில்லை. ஐ.இ.சி. எண் பெற்ற ஓர் இளைஞர் பெறாத இருவர்க்கு விண்ணப்பம் நிரப்ப உதவுவாராக. சங்க நூலகத்தில் இதற்கென ஒரு மேசையும் மாலையில் ஒரு மணி நேரமும் ஒதுக்குமாறு செயற்குழுவினரை வேண்டுகின்றோம். இவ்வெள்ளி விழாவிற்கு அதுவே தக்க நினைவாகும்.

வளர்க நம் சங்கம்!