வீட்டுக்கொரு தோட்டம்: விலைவாசிக்கு நம் கைமருந்து

(ஆலயத் திருவிழாவையொட்டி ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆலய மண்டபத்தில் நின்றுகொண்டு கீரையையும் வெங்காயத்தையும் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். அன்னதானத்திற்கு அரிசியும் பருப்பும் வாங்கிக் கணக்கு எழுதுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இதைப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பார்கள்.

நம் கியா பார்ம் காய்கறியால் பெயர் பெற்ற ஊர். விடுமுறை நாள்களில் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருகிறவர்கள் சாலையோரச் சந்தையில் பை பையாக வாங்கிச் செல்கிறார்கள். ஆனால் இங்கே அமர்ந்திருப்போரில் காய்கறித் தோட்டம் உடையவர் எத்தனை பேர்? நம்மில் பலர் தேயிலைத் தோட்டத்தில் பாடுபடுகிறோம், லாரி ஓட்டுகிறோம், தங்கும் விடுதிகளில் வேலை செய்கிறோம், என்னைப் போன்ற சிலர் அரசாங்க அலுவலகத்தில் இருக்கிறோம். கண்ணெதிரே விளையும் முட்டைக்கோசைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம்.

அண்மை ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நம் நாட்டில் இறக்குமதி அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்ந்தது. டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்கும் இந்தியா தடை விதித்தது. 2024 மே மாதத்தில்தான் அது நீங்கிற்று. எங்கோ மகாராட்டிரத்தில் மழை பொய்த்தால் பிரிஞ்சாங்கில் நம் தாளிப்புச் சட்டி அதை உணர்கிறது. குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது உண்மை. அந்த உயர்வு கைக்கு வருமுன்பே கடைக்காரரின் கணக்குப் புத்தகத்திற்குப் போய்விடுகிறது என்று தாய்மார்கள் சொல்வதும் உண்மை.

இதில் நான் சிறப்பாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. விலை ஏறும்போது இல்லத்தரசி எதில் கைவைக்கிறார்? அரிசியைக் குறைக்க முடியாது. பிள்ளைகளின் பள்ளிச் செலவைக் குறைக்க முடியாது. ஆகவே கீரையும் காயும்தான் முதலில் தட்டைவிட்டு நீங்குகின்றன. சோறும் முட்டையும் உண்டாலும் வயிறு நிறைந்துவிடும். குறை உடனே தெரியாது. வீட்டுத் தோட்டம் காக்க வேண்டியது இந்தக் கீரையையும் காயையுமே. அரிசியை நாம் விளைவிக்கப் போவதில்லை.

வயிறு நிறைவது மட்டும் போதாது என்பதை நம் முன்னோர் கடுமையாகக் கற்றனர். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அதுவரை மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் தருவித்து வந்தது. அது அற்றுப்போனதும் தோட்டமெங்கும் மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. கிழங்கு உயிரைப் பிடித்து நிறுத்தியது. ஆயினும் சத்தில்லாமல் கால் வீங்கி மாண்டவர் பலர். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்களின் கதை வேறு. வத்தாளங்கிழங்கின் இலையையும் மரவள்ளிக் கொழுந்தையும் அவித்துப் பிள்ளைகளுக்கு ஊட்டிய குடும்பங்கள் அந்தக் காலத்தைச் சற்றே தாங்கின.

பின்னர், 1973இல் எண்ணெய் விலை ஏறி, மறு ஆண்டு நம் நாட்டின் பணவீக்கம் 17 விழுக்காட்டைத் தொட்டபோது, அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடக்கினார். வீட்டு முற்றத்திலும் தரிசு நிலத்திலும் உணவுப் பயிர் வளர்க்க மக்கள் ஊக்குவிக்கப்பட்டார்கள். மூத்தோர் பலருக்கு இது நினைவிருக்கும். விலை தணிந்ததும் ஆர்வமும் தணிந்தது.

இலங்கையின் நிலை இன்னும் அண்மையது. 2021இல் அந்நாட்டு அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தி, விளைச்சல் சரிந்த பின் அதே ஆண்டு நவம்பரில் தடையைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு நெருக்கடி முற்றி, செப்டம்பரில் உணவுப் பொருள்களின் விலையேற்றம் 90 விழுக்காட்டைத் தாண்டியது. 2022 ஜூனில் அரசாங்க ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்வதற்காக மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்க அமைச்சரவை முடிவு செய்தது. அரசாங்க ஊழியனான எனக்கு அச்செய்தி முதலில் இனிக்கத்தான் செய்தது! சிந்தித்தபோது கசந்தது. பசி வந்த பிறகு விதைத்தால் பசி முடிந்த பிறகே அறுக்க முடியும். தோட்டம் நல்ல காலத்தில் தொடங்கப்பட வேண்டியது.

சரி, நம் மலையில் எதை நடுவது? சமவெளி உறவினர் வீட்டில் தழைக்கும் முருங்கையும் கறிவேப்பிலையும் இங்குள்ள குளிரில் சோம்பி நிற்கும். மாறாக, நமக்கென்றே வாய்த்தது சௌசௌ. விதை தேட வேண்டியதில்லை; முற்றிய காயை நிழலில் வைத்தால் தானே முளைவிடும். அந்தக் காயை முழுதாக, முளை மேலிருக்கும்படி சாய்த்து நட்டு, வேலியில் ஏற்றிவிடுங்கள். சில மாதங்களில் காய்க்கும். பல ஆண்டுகள் இருக்கும். காய் கூட்டுக்கு ஆகும். இளங்கொழுந்து பூண்டுடன் வதக்க ஆகும். சாவிக் கீரை முப்பது, நாற்பது நாளில் கைக்கு வரும். வெங்காயத் தாளின் வேர்ப்பகுதியை எறியாமல் மண்ணில் ஊன்றினால் மீண்டும் தழைக்கும். புதினாவும் கொத்தமல்லியும் சன்னலோரத்துப் பழைய பால்மாவு டின்னிலேயே வளரும். அடியில் துளையிட மறவாதீர்கள்.

மண்ணைப் பற்றி ஒரு சொல். தேயிலை புளித்த மண்ணை விரும்பும் செடி. முட்டைக்கோசும் சாவியும் அப்படியல்ல. புளித்த மண்ணில் அவற்றின் வேர் வீங்கி அழுகும் நோய் எளிதில் பற்றும். தேயிலைக்கு இசைந்த மண்ணை அப்படியே அள்ளி வந்து கீரை விதைத்துவிட்டு, "எனக்குக் கைராசி இல்லை" என்று சலித்துக்கொள்வோர் உண்டு. கைராசியில் குறையில்லை. பயிருக்கேற்ற சுண்ணாம்போ சிறிதளவு விறகுச் சாம்பலோ கலந்து, இரண்டு வாரம் ஆறவிட்டு நடுங்கள். கோழி எருவைப் பச்சையாகப் போடாதீர்கள். ஈ மொய்க்கும், வேரும் கருகும். மக்கவிட்ட எருவே நல்லது.

இடம்தான் பெரிய கேள்வி. லயத்து வீட்டின் பின்புறம் நமக்குப் பட்டா எழுதிக் கொடுத்த நிலமன்று. வேலை மாறினால் வீடும் மாறும். எனவே பையிலும் வாளியிலும் வளர்ப்பதே அறிவுடைமை. போகும்போது தோட்டத்தையும் உடன் எடுத்துச் செல்லலாம். எக்காரணம் கொண்டும் வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவை வெட்டிப் பாத்தி அமைக்காதீர்கள். மேலே காடழித்துத் தோண்டிய மண் ஆற்று வழியே வந்து, 1963இல் கட்டி முடிக்கப்பட்ட ரிங்லெட் சுல்தான் அபுபக்கர் அணையில் ஆண்டாண்டாய்ப் படிந்து வருகிறது. 2013 அக்டோபரில் அந்த அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியானதை நாம் மறக்கவில்லை. மறு ஆண்டு நவம்பரில் மண்சரிவும் வெள்ளமும் மீண்டும் உயிர்களைக் கொண்டன.

இதனால் எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன்: பெருந்தொகை மிச்சமாகாது. புதுத் தொட்டியும் வாங்கிய மண்ணும் விலை உயர்ந்த விதையும் என்று தொடங்கினால் முதலாண்டில் கைநட்டமே வரும். பழைய வாளி, சமையலறைக் கழிவில் செய்த எரு, அண்டை வீட்டாரிடம் பெற்ற நாற்று என்று தொடங்குகிறவர்க்கே இது கட்டும். மாதக் கடைசியில் கையில் காசில்லாத நாளிலும் குழந்தையின் தட்டில் ஒரு பிடி கீரை இருக்கும். அந்த ஒரு பிடிக்காகத்தான் இவ்வளவும் பேசுகிறேன்.

ஆலயத்திற்கும் ஒரு வேண்டுகோள். நாள்தோறும் களையும் மாலைகளும், பந்தி முடிந்த வாழையிலைகளும், தேங்காய் நாரும் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. ஞெகிழியையும் நூலையும் கம்பியையும் பிரித்துவிட்டு, மடப்பள்ளிக்குப் பின்னால் ஒரு மூலையில் அவற்றை மக்கவிட்டால், சில மாதங்களில் உறுப்பினர் வீடுகளுக்குக் கொடுக்க எரு கிடைக்கும். கிளறிவிடும் பொறுப்பை இளைஞர் பிரிவு ஏற்க முன்வந்தால் நானும் சனிக்கிழமை தோறும் மண்வெட்டியோடு வருகிறேன்.

இன்று பூசை முடிந்ததும் மண்டப வாசலில் முளைவிட்ட சௌசௌக் காய்கள் ஒரு கூடை இருக்கும். வீட்டுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், குழம்பில் போட்டுவிடாதீர்கள்.